பொய்க் காயம், மெய்ப் பாடம்

1990 என்ற எண்ணைக் கேட்டால், யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நமக்கு அந்த ஆண்டின் ஒக்டோபர் 30ஆம் திகதிதான் நினைவுக்கு வரும். இன்று அதே எண் அவசர அம்புலன்ஸின் தொலைபேசி இலக்கம். இந்திய நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான 'சுவசெரிய' சேவை, 2018 ஜூலை 21இல் யாழ்ப்பாணத்தில் நடந்த வைபவத்துடன் வடக்கிற்கும் வந்தது. நல்ல விடயம். ஆனால் அம்புலன்ஸ் வந்து சேரும் வரையுள்ள நிமிடங்களுக்கு யார் பொறுப்பு? கடை நடத்தும் நாம்தான்.

எனது பழைய இரும்புக் கடையில் ஒரு நாள் தகடு இறக்கிய தம்பியின் முன்கை கிழிந்துவிட்டது. முதலுதவிப் பெட்டி சுவரில் தொங்கியது. சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் கோப்பித்தூள் தேடி ஓடினார். முதலுதவி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய நானோ இரத்தத்தைக் கண்டதும் விறைத்து நின்றேன். வீதியால் வந்த முச்சக்கரவண்டிச் சாரதிதான் துவாயை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தார். அல்ஹம்துலில்லாஹ், தம்பி பிழைத்துக்கொண்டார்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். வகுப்பில் நான் கட்டுப்போட்டுப் பழகியது காயமே இல்லாத கைக்கு!

இந்தக் குறையைத் தீர்க்கும் முறைக்கு 'மூலாஜ்' என்று பெயர். அச்சில் வார்த்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் சென் லூயி வைத்தியசாலையில் தோல் நோய்களை மெழுகில் வார்த்து மாணவர்களுக்குக் காட்டினர். 1942இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'கெஷுவல்டீஸ் யூனியன்' தொண்டர்கள், காயப்பட்டவர்களாக வேடமிட்டு நடித்து மீட்புக் குழுக்களைப் பழக்கினர். கண்ணிவெடி அகற்றுவோருக்கும், காயப்பட்டவரை வெளியேற்றும் ஒத்திகை தொழிலின் ஒரு பகுதிதான்.

செலவு அதிகமில்லை. வஸ்லினையும் சோளமாவையும் பிசைந்து தோலில் அப்பி, நடுவே கீறி, நிறம் தீட்டினால் வெட்டுக் காயம். சீனிப்பாகில் சிவப்புச் சாயமும் சிறிது கொக்கோத்தூளும் கலந்தால் இரத்தம். சட்டைக் கைக்குள் மெல்லிய குழாயை மறைத்து, மறுமுனையில் உள்ள போத்தலை அமுக்கினால் அது பாயும். பயிலுபவர் சரியான இடத்தில் பலமாக அழுத்திய பிறகே பயிற்றுவிப்பவர் போத்தலை விடுவார். உள்ளே குத்தி நிற்கும் இரும்பைப் பிடுங்கக்கூடாது என்பதையும் இப்படிப் பழகினால்தான் பதற்றத்திலும் மறக்காது.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் முதலுதவிப் பெட்டியைக் கேட்கிறது. பெட்டி சட்டத்துக்குப் போதும். உயிருக்குப் பழகிய கை வேண்டும்.

சோனகத் தெரு, ஐந்து சந்தி வர்த்தகர்கள் ஒன்று சேர்ந்து, தகுதியான பயிற்றுவிப்பாளரை அழைத்து, ஆண்டுக்கு இரு தடவை இந்த ஒத்திகையை நடத்தலாம். செலவைப் பங்கிட்டால் ஒரு கடைக்குப் பெரிய தொகை வராது. அக்கம்பக்கத்தார் பயப்படாதிருக்க முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது.

ஓர் உயிரைக் காப்பதன் நன்மையை ஜும்ஆவில் கேட்கிறோம். அதற்கான பழக்கத்தைக் கடையில் தொடங்குவோம். முதல் வேலையாக, எனது பெட்டியின் பூட்டைக் கழற்றிவிட்டேன்.