குழந்தை வளர்ப்பு வகுப்பும் குப்பத்து நேரமும்

சென்னை மெரினா கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, லூப் சாலையை ஒட்டி நொச்சிக்குப்பம் இருக்கிறது. கடலுக்குச் சென்ற படகுகள் கரை சேர்ந்ததும் ஆடவர் வலையைச் சீர்செய்துவிட்டு உறங்கச் செல்வர். பெண்டிரின் வேலை அப்போதுதான் தொடங்கும். மீனைக் கூறு வைத்து, பேரம் பேசி, விற்றுத் தீர்த்து அவர்கள் வீடு திரும்ப நெடுநேரமாகும். 2024-ஆம் ஆண்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. விற்கும் இடம் மாறியதேயன்றி வேலை மாறவில்லை. அவ்வளவு நேரமும் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் பாட்டியே.

நமது அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. தறி வீட்டிலும், நடவுக் காலத்து உழவர் வீட்டிலும் இதே நிலைதான். களைத்துப்போன கை, அடம் பிடிக்கும் பிள்ளையின் மேல் விழுகிறது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். ஒடித்த முருங்கை கிளைத்துக் காய்க்கும் என்பதைத் தோட்டக்காரர் அறிவர். அடிபட்ட பிள்ளை அவ்வாறு கிளைத்ததை நாம் கண்டதில்லை. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் விசாரணை நடத்தி 2007-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூன்று குழந்தைகளில் இருவர் அடி உதைக்கு ஆளானவர்கள். குடும்பத்திற்குள் அடித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெற்றோரே.

இதைத் தடுக்கப் பெற்றோருக்கு வகுப்பு நடத்தும் வழக்கம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் தோன்றியது. குழந்தையோடு தினமும் சற்று நேரம் தனியே விளையாடுதல், நற்செயலை உடனே பாராட்டுதல், தெளிவாக ஒரு சொல்லில் ஏவுதல், கோபம் ஏறும்போது விலகி நின்று மூச்சு விடுதல் ஆகியவையே பாடங்கள். 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய வகுப்புகளை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

அந்நியர் பாடம் நமக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சஸ் கார்ட்னரும் உடன் ஆய்வாளரும், ஒரு நாட்டில் பிறந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்ட வகுப்புகளை 2016-இல் ஒப்புநோக்கினர். பழக்கவழக்கங்களால் தொலைவான நாடுகளிலும் பிள்ளைகளின் அடங்காத நடத்தை அதே அளவிலாவது குறைந்திருந்தது. ஆகவே பாடத்தின் கருவை மாற்ற வேண்டியதில்லை. கொடுக்கும் முறையையே மாற்ற வேண்டும். உழவர்கள் ஆடுதுறை 27 நெல்லை நினைவுகூரலாம். 1965-ஆம் ஆண்டளவில் தஞ்சையில் பரவிய அந்த நெல், ஜப்பானிய ரகத்தை நம் ஜி.இ.பி. 24-உடன் இணைத்துப் பெறப்பட்டது.

தாய்லாந்தின் உடோன் தானியில் 12 அமர்வுகள் 8 ஆகக் குறைக்கப்பட்டு, அரசு சுகாதார ஊழியர்களைக் கொண்டே நடத்தப்பட்டன. மணிலாவில், ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பண உதவி வழங்கும் திட்டத்தின் கூட்டங்களோடு இவ்வகுப்பு இணைக்கப்பட்டது.

நொச்சிக்குப்பத்திற்கு வருமானால் அது என்ன வடிவம் கொள்ளும்? முதலாவது, பாட்டியை அழைக்காத வகுப்பு பாதி வகுப்பே. தாய்க்கு மட்டும் பாடம் சொல்லி, பகலெல்லாம் பிள்ளையை மேய்க்கும் கிழவியை வாசலில் நிறுத்தினால் மாலைக்குள் பாடம் மறைந்துபோகும். அடுத்தது பாராட்டு. குழந்தையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்ணேறு படும் என்ற அச்சம் நம்மவரிடம் வலிது. அச்சத்தைப் பழித்துப் பயனில்லை. “தங்கச்சிக்குக் கஞ்சி கொடுத்தாயே, நல்லது” என்று செயலைச் சொன்னால் திருஷ்டிக்கு இடமேது? பாடத்தின் கருவும் அதுவே. தவறு செய்த பிள்ளையைச் சற்றுத் தனியே அமர்த்தும் முறையோ, அடுக்கு வீட்டின் ஒற்றை அறையில் நடவாது. அழுகுரல் கேட்டதும் அடுத்த வீட்டார் வந்து இடுப்பில் தூக்கிக்கொள்வர்! அங்கே, சிந்தியதைத் தானே துடைக்கச் செய்வது போன்ற சிறு பரிகாரமே ஏற்றது.

ஒன்றில் மட்டும் வளைந்து கொடுத்தல் ஆகாது. நெசவாளர் வீட்டில் தாயருகே அமர்ந்து தார் சுற்றும் சிறுமியைக் காட்டி, “நாள் முழுதும் கூடவேதானே இருக்கிறாள்” என்பர். அது நமது வேலை. அவளது விளையாட்டு அன்று. அந்தச் சிறு பொழுதில் என்ன செய்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும்.

கூட்டுறவாளர் கவனிக்க வேண்டிய அனுபவம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டின் கிழக்குக் கேப் மாகாணத்தில் 40 இடங்களில் 552 குடும்பங்களிடையே நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. உள்ளூர்வாசிகளே பயிற்சி பெற்று 14 அமர்வுகளை நடத்தினர்; குடும்ப வரவுசெலவும் சேமிப்பும் பாடத்தில் இடம்பெற்றன. துன்புறுத்தல் குறைந்தது; வளர்ப்போரின் போதைப் பழக்கமும் மனக்கவலையும் தணிந்தன; குடும்ப நிதி நிலை சீர்பட்டது. ஆனால் குழந்தையைக் கவனியாது விடும் குறை நீங்கவில்லை. தாய் உழைக்கப் போயே ஆக வேண்டிய வீட்டில் அதை வகுப்பு எப்படி நீக்கும்? அதற்கு வேண்டியது அவள் வேலை நேரத்தோடு ஒத்துத் திறந்திருக்கும் அங்கன்வாடி. உயிருக்கோ மானத்திற்கோ ஆபத்தான கொடுமையில் வகுப்பை எதிர்பார்த்து நிற்றலும் கூடாது. 1098 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும்.

சேமிப்பைப் பற்றி மக்களோடு பேசும் உரிமையை நமது சங்கங்கள் நெடுங்காலமாகப் பெற்றிருக்கின்றன. மாதத் தவணை கட்ட வரும் பெண்டிர் கூடுமிடத்திலேயே இவ்வகுப்பையும் வைக்கலாம். ஆனால் அலுவலக நேரத்தில் வைத்தால் காலி நாற்காலிகளுக்கே பாடம் சொல்ல நேரும். எந்த நேரம் ஒழிவு என்று முதலில் அவர்களையே கேட்க வேண்டும். நொச்சிக்குப்பத்தில் அது விளக்கு வைத்த பிறகோ, காற்று மிகுந்து படகு இறங்காத நாளாகவோ இருக்கலாம். நெசவாளர் ஊரில், ஒரு பாவை நெய்து முடித்து அடுத்த பாவை ஏற்றுவதற்கு இடைப்பட்ட நாளாக இருக்கலாம்.