நெற்பயிரும் துத்தநாகமும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களைச் சூழ்ந்த கிராமங்களில் நெல் சாகுபடி செய்வோர், நட்ட 2 முதல் 4 வாரங்களுக்குள் பயிரைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இளம் இலைகளின் நடுநரம்பு அடியில் வெளுத்து, முதிர்ந்த இலைகளில் துருநிறப் புள்ளிகள் பரவி, பயிர் கட்டையாக நின்றுவிடின், உடனே பூச்சி, நோயென்றெண்ணி மருந்துக்குப் பணத்தை விரயம் செய்யலாகாது. அது துத்தநாகக் குறைவாக இருக்கலாம். களர் நிலத்திலும் ஓயாது நீர் தேங்கும் வயலிலும் இது மிகுதி. பந்த்நகரில் ஒய். எல். நேனே என்னும் அறிஞர் 1966-ல் இதனை வெளிப்படுத்தினார்.

மிகச் சிறிதளவே வேண்டப்படும் இச்சத்து குறைந்தால் பயிர் குன்றுவானேன்? உயிரணுக்களிலுள்ள சில புரதங்கள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு விரல்போல் மடிகின்றன. அவ்விரல்களுட் பல, மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைப் பிடித்து, எந்த ஜீன் வேலை செய்யவேண்டுமென்பதை நிர்ணயிக்கின்றன. இங்கிலாந்தில் ஆரன் குளூக் முதலியோர் 1985-ல் தவளையின் புரதமொன்றில் இவ்வமைப்பைக் கண்டறிந்தனர். இன்று ஆராய்ச்சிச் சாலைகளில் மனித ஜீனைப் பாக்டீரியாவிற் புகுத்தி இத்தகைய புரதங்களை உண்டாக்குகின்றனர். துத்தநாகத்தை நீக்கிவிட்டால் விரல் குலைந்து, பிடி தளர்ந்துவிடுகிறது. நெல்லிலும் இவ்வகைப் புரதங்கள் உண்டு. பல என்சைம்களுக்கும் துத்தநாகம் இன்றியமையாதது.

ஆதலின் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, பரம்படித்த வயலில் நடவுக்கு முன் மேலாகத் தூவுக. மணிச்சத்து உரத்துடன் கலத்தல் கூடாது. கலந்தால் பயன் குன்றும். நின்ற பயிரில் குறைவு தோன்றின், லிட்டர் நீருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், யூரியா 10 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். கிராம அதிகாரிகள் இதனைப் பருவத்தே குடியானவர்களுக்கு எடுத்துரைப்பின், வீண்செலவு ஒழிந்து மகசூலும் காக்கப்படும்.