கீரி நாயான வழி

இணையவழி வகுப்பில் மணி அடிப்பதில்லை. மாணவர்கள் தோதுப்பட்ட நேரத்தில் வருவார்கள். பெரும்பாலும் ஒப்படைப்புக்குக் கடைசி நாள் இரவு. தொன்மமும் நாட்டார் கதையும் அப்படி ஒரே இரவில் விழுங்குகிற பாடமல்ல. அதற்காகவே தினமும் காலையில் வகுப்புக்கு ஒரு சிறு குறிப்புப் போடுகிறேன். ஒரு கதை, இல்லாவிட்டால் ஒரு படம், ஒரு வரைபடம். மதிப்பெண் கிடையாது, தேர்விலும் வராது. ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் படித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். நீண்டால் அதுவும் பாடமாகிவிடும். பாடத்தை யார் ஆசையோடு திறக்கிறார்கள்?

நாளுக்கொரு புதுக் கதை போடலாம். எனக்கு ஒரே கதையை வாரம் முழுக்க ஊர் ஊராகத் துரத்துவது பிடிக்கும். இந்த வாரம் கீரிப்பிள்ளைக் கதை. குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரி, வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வந்து அடிபட்டுச் சாகும் கதை.

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் இருக்கிறது என்று திங்கட்கிழமை எழுதியதும் ஒரு மாணவி மறுத்தார்: “இல்லைங்க சார், இது எங்க பாட்டி ஊர்ல நெசமாவே நடந்தது.” எனக்கு மகிழ்ச்சி. இந்தக் கதை சமகால நிகழ்ச்சியாகவே சொல்லப்படுவதைப் பற்றி, திராவிட மொழிகளை ஆராய்ந்த எமனோ 1940இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பாட்டி தனியாள் இல்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வரைபடம். 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கு, 8ஆம் நூற்றாண்டில் அரபுக்கு, அங்கிருந்து ஹீப்ரு, லத்தீன். மேற்கே போகப் போகக் கீரி நாயாகிவிடுகிறது. வேல்ஸ் நாட்டில் பாம்பும் ஓநாயாகிறது. நாயைக் கொல்பவர் 13ஆம் நூற்றாண்டு அரசர் லிவெலின். பெத்கெலர்ட் என்ற ஊரில் அந்த நாய்க்குச் சமாதி உண்டு, பார்க்கக் கூட்டமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே விடுதி நடத்த வந்த டேவிட் பிரிச்சர்ட் செய்த ஏற்பாடு அது என்கிறார்கள். கெட்டிக்கார மனிதர்.

பிரான்சில் நடந்தது இதைவிட விசேஷம். லியோன் நகருக்கு வடக்கே, 13ஆம் நூற்றாண்டில், ஸ்டீபன் என்ற டொமினிக்கத் துறவி பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். நோயுற்ற குழந்தையைப் புனித கினிஃபோரிடம் தூக்கிப்போனதாகப் பெண்கள் பலர் சொல்ல, யாரோ புண்ணியவான் என்று நினைத்தார். விசாரித்தால் வேட்டைநாய்! குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்து, எஜமானன் கையால் செத்த நாய். அதைக் கிணற்றில் போட்டுக் கல்லால் மூடி மரம் நட்டிருந்தார்கள். நோஞ்சான் குழந்தையை அங்கே கொண்டுபோய் இரண்டு மரங்களுக்கு நடுவே கைமாற்றுவார்கள். துறவி எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார், மரங்களை வெட்டினார். வழிபாடு நிற்கவில்லை, 19ஆம் நூற்றாண்டிலும் தாய்மார்கள் போயிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் ழான்-குளோத் ஷ்மிட் 1979இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அநியாயமாகக் கொலையுண்டவர்கள் சாமியாவது நம் கிராமங்களுக்குப் புதிதா என்ன? இந்த நாய்க் கதையைப் போட்ட அன்றைக்குத்தான் வகுப்பில் அதிகப் பேச்சு.

வெள்ளிக்கிழமைக்குச் சிலப்பதிகாரத்தை வைத்திருந்தேன். அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில், மாடலன் என்ற அந்தணன் கோவலனின் பழைய நற்செயல்களைச் சொல்கிறான். அதில் ஒன்றில் இந்தக் கீரிக் கதை வருகிறது. இளங்கோ கதையை விவரிப்பதே இல்லை. கேட்பவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறார். மற்ற ஊர்களில் கதை முடிகிற இடத்தில் இங்கே தொடங்குகிறது: கீரியைக் கொன்றவள் அதற்குப் பிறகு என்ன ஆனாள்? கணவன் அவள் கையால் உண்ண மாட்டேன் என்று வடதிசை போய்விட்டான். அவன் எழுதிக் கொடுத்த ஏட்டை ஏந்தி அவள் புகாரில் வணிகர் தெருக்களில் அலைகிறாள். கோவலன் கூப்பிட்டு, ஏட்டைப் படித்து, பாவம் தீரத் தானம் செய்து, போன கணவனையும் சேர்த்துவைத்துப் பொருளும் கொடுக்கிறான்.

விசாரிக்காமல் நடந்த ஒரு கொலையின் பாவத்தைத் தீர்த்தவன். அடுத்த காதையிலேயே, விசாரணை இல்லாமல் அவன் வெட்டுப்படுகிறான். உரைகாரர்களைப் புரட்டி இதற்கு விளக்கம் தேட வேண்டாம் என்று மாணவர்களிடம் சொன்னேன். கதையை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதும் கதை சொல்வதுதான். பஞ்சதந்திரம் எச்சரிக்கைக்காகச் சொன்னதை இளங்கோ முன்னறிவிப்பாக்கிவிட்டார்.

சனிக்கிழமை குறிப்பை நான் எழுதவில்லை. 1955இல் டிஸ்னி எடுத்த ‘லேடி அண்ட் தி டிராம்ப்’ படத்தில் எலியைக் கொன்று குழந்தையைக் காத்த நாய்மேல் பழி விழுகிறதே, அதுவும் இதுதானே என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். உலக நாட்டார் கதைகளுக்கு எண் போட்ட அட்டவணையில் இந்தக் கதைக்கு 178ஏ. அந்த எண்ணைப் படத்துக்கும் கொடுக்கலாமா என்று இரவுவரை வழக்கு நடந்தது. கொடுக்கலாம் என்பவர்களே அதிகம். நான் மற்ற கட்சி: நாய் பிழைத்துக்கொண்டதே!

(தொடரும்)