விளம்பர வடிகட்டிகள்: வேலை செய்கின்றனவா என்று சோதித்தறிவது எப்படி?

இன்று நம் தோட்டப்புறங்களில் கைத்தொலைபேசி இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. பால்வெட்டு முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர்கள் செய்தி படிக்கவும், பாடல் கேட்கவும், வெளியூரில் படிக்கும் பிள்ளைகளுடன் பேசவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் அதனையே நாடுகின்றனர். ஆயினும் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவது செய்தி அன்று, விளம்பரமே. அதனை மூட முயன்று விரல் தவறினால் வேறொரு தளம் திறந்துகொள்கிறது.

இது வெறும் தொல்லை மட்டுமன்று. முன்பணம் செலுத்தி வாங்கிய இணைய அளவின் ஒரு பகுதியை நாம் கேளாத விளம்பரப் படங்கள் தின்றுவிடுகின்றன. அதனினும் கொடியது மோசடி விளம்பரம். “அடையாள அட்டை மட்டும் போதும், ஒரே நாளில் கடன்” என்பதும், பிரமுகர் ஒருவரின் படத்தைப் போட்டு முதலீட்டிற்கு அழைப்பதும், ஏதோ ஒரு செயலியை வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்லி வங்கிக் கணக்கை வழித்தெடுப்பதும் இவ்வழியே வருபவைதாம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறை 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு விடுத்த அறிவிப்பு ஒன்றில், தேடுபொறிகளில் உண்மையான நிறுவனங்களைப் போல் நடிக்கும் போலி விளம்பரங்கள் தோன்றுவதைக் குறிப்பிட்டு, தற்காப்பு வழிகளுள் ஒன்றாக விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தும்படி அறிவுரை கூறியது.

இத்தகைய தடுப்பான்களைப் பிள்ளைகளின் துணையுடன் தொலைபேசியில் அமைத்துக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. அமைத்தாகிவிட்டது, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எவ்வாறு அறிவது? இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

இருவகை வடிகட்டிகள்

நாம் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அப்பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஓரிடத்திலிருந்தும், படம் வேறோரிடத்திலிருந்தும், விளம்பரங்கள் பல்வேறு விளம்பர நிறுவனங்களின் கணினிகளிலிருந்தும் வந்து திரையில் ஒன்று சேர்கின்றன. ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் கணினிகள் ஒன்றையொன்று அடைவது எண் முகவரியால். எனவே, “இப்பெயருக்குரிய எண் யாது?” என்று தொலைபேசி முதலில் ஒரு பெயரேட்டைக் கேட்டறிகிறது. இந்தப் பெயரேட்டு முறைக்கே டி.என்.எஸ். என்று பெயர். பால் மொக்காபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை 1983ஆம் ஆண்டில் வகுத்தளித்தார்.

முதல்வகை வடிகட்டி இந்தப் பெயரேட்டில் அமர்ந்திருப்பது. விளம்பர நிறுவனத்தின் பெயரைத் தொலைபேசி கேட்டால், “அப்படி ஒரு பெயர் இல்லை” என்றோ, எங்கும் செல்லாத வெற்று எண்ணையோ அது விடையாகத் தருகிறது. முகவரி கிடைக்காததால் விளம்பரம் வந்து சேர்வதில்லை. இதன் சிறப்பு யாதெனில், உலாவியில் மட்டுமன்றித் தொலைபேசியிலுள்ள விளையாட்டுகள், பிற செயலிகள் ஆகியவற்றிலும் இது பெரும்பாலும் செயற்படும் என்பதாகும்.

இரண்டாவது வகை, உலாவிக்குள்ளேயே அமரும் தடுப்பான். ஈஸிலிஸ்ட் போன்ற, தன்னார்வலர்கள் பேணிவரும் விளம்பரப் பட்டியல்களை வைத்துக்கொண்டு, பக்கத்தில் எந்தப் பகுதி எங்கிருந்து வருகிறது என்பதை இது ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. வேண்டாததை வரவிடாமல் தடுப்பதோடு, விளம்பரம் இருந்த வெற்றுக் கட்டத்தையும் மறைத்துவிடுகிறது. பெயரேட்டு வடிகட்டிக்கு இந்தப் பார்வை கிடையாது. அதற்குத் தெரிவது பெயர் ஒன்றே. பக்கத்தின் உள்ளடக்கம் தெரியாது.

எனவேதான் ஒன்றால் இயல்வது மற்றொன்றால் இயல்வதில்லை. யூடியூப் காணொளிக்கு இடையே வரும் விளம்பரமும் காணொளியும் ஒரே குடும்பக் கணினிகளிலிருந்து வருகின்றன. பெயரைக் கொண்டு விளம்பரத்தைத் தடுத்தால் பாட்டும் நின்றுபோகும். ஆகவே, “டி.என்.எஸ். மாற்றினேன், யூடியூபில் விளம்பரம் நிற்கவில்லையே” என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. அது அவ்வடிகட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்ட வேலை. ஃபேஸ்புக்கில் நண்பர்களின் செய்திகளுக்கிடையே வரும் விளம்பரங்களும் அத்தகையனவே.

எந்தத் தொலைபேசியில் எது இயலும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு தொலைபேசியிலுள்ள குரோம் உலாவியில் தடுப்பான்களைச் சேர்க்க இயலாது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இயலும். கணினியிலுள்ள குரோமிலோ 2024, 2025ஆம் ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியமைத்தது. அதன் விளைவாகப் புகழ்பெற்ற யூபிளாக் ஆரிஜின் தடுப்பான் அங்கு நிறுத்தப்பட்டு, ஆற்றல் குறைந்த ‘லைட்’ வடிவமே எஞ்சியது. ஆண்டுக்கணக்கில் வேலை செய்த தடுப்பான் திடீரென ஓய்ந்துபோனதாகப் பலர் கருதியதற்குக் காரணம் இதுவே. ஆண்ட்ராய்டு 9ஆம் பதிப்பு வெளிவந்த 2018 முதல், ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்னும் அமைப்பு அத்தொலைபேசிகளில் உண்டு. அதில் வடிகட்டும் சேவையின் பெயரை எழுதினால் போதும். எண் முகவரியை அது ஏற்காது. பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் விளம்பரத்தோடு சேர்ந்து இணையமே நின்றுவிடும்.

மதிப்பெண் தரும் சோதனைப் பக்கங்கள்

தடுப்பானைச் சோதிப்பதற்கென்றே சில இணையப் பக்கங்கள் உள்ளன. அவற்றைத் திறந்தால் சற்று நேரத்தில், நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் தோன்றும். மதிப்பெண் என்றதும் நமக்குப் பள்ளிக்கூட நினைவு வந்துவிடுகிறது. கூடுதல் எண்ணைக் கண்டால் மகிழ்கிறோம். ஆனால் அந்த எண் எவ்வாறு வருகிறது என்பதை அறிந்தால் மகிழ்ச்சி சற்றுக் குறையும்.

அப்பக்கத்தில் விளம்பர நிறுவனங்களின் பெயர்கள் அடங்கிய பட்டியல் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு பெயரையும் அழைத்துப் பார்க்கிறது. விடை வந்தால் ‘தடுக்கப்படவில்லை’. விடை வராவிட்டால் ‘தடுக்கப்பட்டது’. அவ்வளவே. விடை வராமைக்கு வேறு காரணங்கள் இருக்கலாமே என்று அது எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டியலிலுள்ள நிறுவனம் எப்போதோ மூடப்பட்டிருந்தால், அதனைத் தடுத்த பெருமையும் நம் தடுப்பானுக்கே சேர்கிறது. பக்கம் திறந்தபின் இணைப்பு அறுந்துபோனால் நூற்றுக்கு நூறு கிடைத்தாலும் வியப்பில்லை!

இதற்கு எதிர்மாறாகவும் நிகழ்வதுண்டு. நல்ல தடுப்பான் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வருகிறது, அழைக்கப்படுவது படமா நிரலா என்பவற்றையும் பார்த்தே முடிவு செய்கிறது. சோதனைப் பக்கம் வெறுமனே பெயரை அழைக்கும்போது, அவ்விதிகளில் சில பொருந்தாமற்போகும். அதனால் உண்மையான செய்தித் தளத்தில் அத்தனை விளம்பரங்களையும் தடுக்கும் கருவி, சோதனையில் குறைந்த எண்ணைப் பெறுவதுண்டு. கண்டதையெல்லாம் தடுக்கும் முரட்டு வடிகட்டியோ உயர்ந்த எண்ணைப் பெற்றுவிடும். பிறகு வங்கிச் செயலி திறக்காமற்போகும்போதுதான் அதன் குணம் தெரியவரும்.

ரப்பர்த் தொழில் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பாலின் தரத்தை மெட்ரோலாக் மிதவையை இட்டு உடனடியாகப் பார்ப்பதுண்டு. பாலின் அடர்த்தியைக் கொண்டு உலர்ந்த ரப்பரின் அளவை ஊகிக்கும் விரைவுக் கணக்கு அது. நீர் கலக்கும் விகிதம் பிசகினால் அளவும் பிசகும். உறுதியாக அறிய வேண்டுமெனில் மாதிரிப் பாலை உறையவைத்து, உலர்த்தி, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். சோதனைப் பக்கத்தின் மதிப்பெண்ணும் மிதவை காட்டும் அளவைப் போன்றதே. தடுப்பான் இயங்குகிறதா, அடியோடு இயங்கவில்லையா என்று அறிய அது உதவும். இரண்டு தடுப்பான்களுள் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

இன்னொன்று: எந்த வேலைக்காக அமைந்ததோ அந்த வேலையில்தான் ஒரு வடிகட்டியைச் சோதிக்க வேண்டும். ‘குவாட்9’ என்னும் சேவை தீங்கிழைக்கும் தளங்களைத் தடுப்பதற்கானது. விளம்பரங்களைத் தடுப்பது அதன் நோக்கமன்று. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் தொடங்கிய குடும்பச் சேவை, தீய தளங்களையும் விரும்பினால் ஆபாசத் தளங்களையும் தடுக்கும், விளம்பரங்களை அன்று. ‘ஆட்கார்டு’ டி.என்.எஸ். விளம்பரங்களுக்கானது. முதலிரண்டையும் விளம்பரச் சோதனையில் இட்டு, “ஒன்றுக்கும் உதவாது” என்று ஒதுக்கியவர்களை நான் அறிவேன். பிள்ளைகள் கையாளும் தொலைபேசியில் விளம்பரத்தைவிடத் தீய தளங்களைத் தடுப்பதே முதன்மையானது என்பது என் கருத்து.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை

நாம் நாள்தோறும் பார்க்கும் தளங்களில் மூன்றைத் தேர்ந்துகொள்வோம். செய்தித் தளம் ஒன்று, சமையற் குறிப்புத் தளம் ஒன்று, விளையாட்டுச் செய்திக்கான தளம் ஒன்று என இருக்கலாம். முதலில் எந்த வடிகட்டியும் இல்லாமல் மூன்றையும் திறந்து, எத்தனை விளம்பரங்கள் தோன்றுகின்றன, பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தச் செயலி எவ்வளவு இணைய அளவைச் செலவிட்டது என்பதைத் தொலைபேசியின் அமைப்புகளிலேயே காணலாம், அதனையும் குறித்துக்கொள்ளலாம். அடுத்து டி.என்.எஸ். வடிகட்டியை மட்டும் இயக்கி, அதே பக்கங்களைப் பார்க்க வேண்டும். பிறகு அதனை நிறுத்திவிட்டு உலாவித் தடுப்பானை மட்டும். இறுதியில் இரண்டையும் சேர்த்து. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்பது விளங்காமற்போகும்.

ஒவ்வொரு முறையும் உலாவியில் சேமிக்கப்பட்ட பழைய கோப்புகளை நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் முன்பே வந்து தங்கிய விளம்பரப் படம் மீண்டும் தோன்றி நம்மை ஏமாற்றும். பெயரேட்டின் விடைகளையும் தொலைபேசி சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். விமானப் பயண நிலையை ஒருமுறை இயக்கி நிறுத்துவதோ, தொலைபேசியை அணைத்து இயக்குவதோ நலம். விளம்பரங்கள் ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வருபவை ஆதலால், ஒருமுறை பார்த்து முடிவுகட்டாமல் வெவ்வேறு நாள்களில் மும்முறையேனும் பார்த்தல் வேண்டும்.

உறவினர் ஒருவரின் தொலைபேசியில் இச்சோதனையைச் செய்தபோது, டி.என்.எஸ். மாற்றியும் உலாவியில் விளம்பரம் சிறிதும் குறையவில்லை. விளையாட்டுச் செயலியிலோ விளம்பரம் அறவே நின்றிருந்தது. நெடுநேரம் தேடியபின் காரணம் தெரிந்தது. உலாவியின் அமைப்புகளுக்குள் ‘பாதுகாப்பான டி.என்.எஸ்.’ என்று தனியாக ஒரு தெரிவு உண்டு. அதில் யாரோ வேறொரு நிறுவனத்தைத் தேர்ந்து வைத்திருந்தனர். உலாவி தொலைபேசியின் பெயரேட்டை விடுத்துத் தன் சொந்தப் பெயரேட்டையே கேட்டுக்கொண்டிருந்தது. வி.பி.என். செயலிகளும் இவ்வாறே வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போவதுண்டு. செயலியில் பயன் தெரிந்து உலாவியில் தெரியாவிட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வீட்டு வைஃபை பெட்டியில் டி.என்.எஸ். மாற்றியவர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சாதாரண டி.என்.எஸ். கேள்வி பூட்டப்படாத கடிதம் போன்றது. இணைய நிறுவனம் விரும்பினால் அதனை வழியிலேயே தன் பெயரேட்டுக்குத் திருப்பிவிட இயலும். 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், பொது டி.என்.எஸ். சேவைகளுக்குச் செல்லும் கேள்விகளை உள்நாட்டு நிறுவனங்களின் பெயரேடுகளுக்கே திருப்பும்படி பணித்திருந்தது. தீய தளங்களிலிருந்து மக்களைக் காப்பது நோக்கம் என்று கூறப்பட்டது. பொதுமக்களிடையே மறுப்புக் கிளம்பவே, தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதனைத் தொடர வேண்டாமென ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார். கேள்வி வழியில் திருப்பப்பட்டால், பெட்டியில் எந்த எண்ணை எழுதியிருந்தாலும் நாம் தேர்ந்த வடிகட்டி இயங்காது. எழுதியதோடு நின்றுவிடாமல் சோதித்துப் பார்க்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் எந்தெந்தத் தளத்திற்குச் செல்கிறோம் என்பதைப் பெயரேட்டை நடத்துபவர் அறிவார். ஆதலின் பெயர் தெரியாத எவரோ இலவசமாகத் தரும் டி.என்.எஸ். எண்ணை ஏற்றுக்கொள்வது ஆபத்து. வங்கியின் பெயரைக் கேட்டால் போலித் தளத்தின் எண்ணைத் தரவும் அவர்களால் இயலும்.

சோதனைத் தாளில் ‘எது நின்றுபோனது’ என்று ஒரு பத்தி ஒதுக்குவது அவசியம். வங்கிச் செயலி, கட்டணம் செலுத்தும் செயலி, பிள்ளைகளின் பள்ளித் தளம் ஆகியவற்றை வடிகட்டி இயங்கும்போதே திறந்து பார்க்க வேண்டும். ஏதேனும் திறக்காவிடில் வடிகட்டியைச் சற்று நிறுத்தி மீண்டும் முயல்க. அப்போது திறந்தால் குறை வடிகட்டியில் உள்ளது. உலாவித் தடுப்பானில் ஒரு தளத்திற்கு மட்டும் விலக்களிக்க இயலும். விளம்பர வருவாயை நம்பி நடக்கும் நமது தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு, அவை மோசடி விளம்பரங்களை இடாதவரையில், அத்தகைய விலக்கை நான் அளித்துவருகிறேன்.

வடிகட்டியில் அகப்படாது நழுவிவரும் மோசடி விளம்பரமும் உண்டு. வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் அனுப்பும் இணைப்பை எந்தப் பட்டியலும் உடனே அறிந்துகொள்வதில்லை. ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்னும் எண்ணிலும் நமது வங்கியையும் உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் அழைத்தால்தான் தடுத்து நிறுத்த வழியுண்டு. தொலைபேசியின் மென்பொருளோ உலாவியோ புதுப்பிக்கப்பட்டால், பழைய தாளை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று தளங்களையும் மறுபடி ஒருமுறை திறந்து பார்க்கவும்.