புனித பூமி யாத்திரை: கத்தோலிக்கக் குழுப் பயணத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

சமயஞ் சார்ந்த ஒழுகலாறுகளை நோக்கும் முற்போக்காளர் சிலர், அவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவதோடு தமது பணி முடிந்துவிட்டதாகக் கருதுவர். இது இயங்கியல் நோக்காகாது. ஒரு வழக்கம் பல நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்குமாயின், அது எத்தகைய சமூகத் தேவைகளை நிறைவு செய்கின்றது, எவ்வெவ் வர்க்கங்களாற் பேணப்பட்டு வந்துள்ளது, எந்தப் பொருளாதார உறவுகள் அதனைத் தாங்கி நிற்கின்றன என்னும் வினாக்கள் எழுதல் இயல்பே. விவிலியத்திற் பேசப்படும் இடங்களைத் தரிசிப்பதற்காகக் கத்தோலிக்கர் குழுக்களாக மேற்கொள்ளும் புனித பூமி யாத்திரையை இவ்வினாக்களின் அடிப்படையில் விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. யாத்திரையின் இன்றைய அமைப்பு

இன்றைய குழு யாத்திரையின் அமைப்பு பெரும்பாலும் ஒரே வார்ப்பிற் படிந்தது. ஒரு பங்கையோ மறைமாவட்டத்தையோ சேர்ந்த முப்பது முதல் ஐம்பது பேர் வரை ஒன்று சேர்வர். குரு ஒருவர் ஆன்மிக வழிகாட்டியாக உடன் செல்வார். விமானச் சீட்டு, விடுதி, உணவு, பஸ் யாவும் பிரயாண முகவராற் கூட்டாக விலை பேசப்படும். அரசாங்க உத்தரவுப் பத்திரம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இடங்களை விளக்குவார். எட்டு முதல் பத்து நாட்களுக்குள் நாசரேத், கானா, தாபோர் மலை, கப்பர்நாகும், கலிலேயக் கடல், யோர்தான் நதி, பெத்லெகேம், யெரூசலேம் ஆகிய இடங்கள் தரிசிக்கப்படும். கானாவிலே தம்பதியர் தமது திருமண வாக்குறுதிகளைப் புதுப்பிப்பர். யோர்தான் கரையிலே ஞானஸ்நான வாக்குறுதிகள் புதுப்பிக்கப்படும். யெரூசலேமிலே சிலுவைப்பாதை நடக்கப்படும். திருத்தலங்களிற் குழுக்கள் திருப்பலி நிறைவேற்றுவதற்குரிய நேரத்தைப் பிரான்சிஸ்கன் சபையினரிடம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். ஒரு குழு வெளியேற மறு குழு உள்நுழையும்.

ஒவ்வோர் இடத்திலும் நடைபெறுவது யாது? அவ்விடத்துக்குரிய விவிலியப் பகுதி வாசிக்கப்படுகின்றது, செபம் சொல்லப்படுகின்றது, பாடல் பாடப்படுகின்றது, பின்னர் குழு அடுத்த இடத்திற்குப் புறப்படுகின்றது. நூலொன்றின் பக்கங்களை நிலத்தின்மீது புரட்டிச் செல்வது போன்ற இம்முறை இக்காலத்ததன்று. கி.பி. 380களில் மேற்கிலிருந்து சென்ற எஜேரியா என்ற பெண்மணி எழுதிய பயணக் குறிப்பு 1884 இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் இடைப்பகுதியே நமக்குக் கிடைத்துள்ளது. செல்லுமிடந்தோறும் செபம், அவ்விடத்துக்குரிய வேதவாசகம், சங்கீதம் என்ற ஒழுங்கினைத் தம் குழு பின்பற்றியதாக அவர் கூறுகின்றார். பதினாறு நூற்றாண்டுகளாக இவ்வடிவம் மாறாதிருப்பது வியப்புக்குரியதே. ஆயினும் வடிவம் மாறாதிருக்க அதன் சமூக உள்ளடக்கம் மாறி வந்துள்ளமையே வரலாற்று மாணவன் கருத்திற்கொள்ள வேண்டியதாகும்.

2. இடங்கள் உருவான வரலாறு

புனித இடங்கள் யாவும் தொடக்கத்திலிருந்தே அங்கிருந்தன, பக்தர்கள் அவற்றைத் தேடிச் சென்றனர் என்பது பொதுவான எண்ணம். வரலாறு காட்டுவது வேறு. யூதரின் இரண்டாம் கிளர்ச்சிக் காலத்தையொட்டி உரோமப் பேரரசன் ஹேட்ரியன் யெரூசலேமை ஏலியா கப்பிதோலினா என்ற உரோமக் குடியேற்றமாக மாற்றினான். 4 ஆம் நூற்றாண்டிலே கொன்ஸ்தாந்தைன் கிறித்துவத்திற்கு அரச ஆதரவளித்த பின்னரே இடங்கள் முறையாக இனங்காணப்பட்டுக் கோயில்கள் எழுந்தன. அவனது தாய் ஹெலேனா 326 ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கு சென்றாள். திருக்கல்லறைக் கோயில் 335 இல் அபிடேகஞ் செய்யப்பட்டது. ஒடுக்கப்பட்டோரின் சமயமாகப் பரவிய ஒன்று பேரரசின் சமயமாகியபோது அதற்கொரு புவியியல் தேவைப்பட்டது எனலாம். ஆரம்ப யாத்திரிகரில் நாம் பெயரறிந்தவர் பலர் உயர்குடியினர் என்பதும் தற்செயலன்று. உரோமச் செல்வக் குடும்பத்து விதவையான பவுலா பெத்லெகேமில் மடங்களையும் யாத்திரிகர் விடுதியையும் தம் செல்வத்தாற் கட்டுவித்தார். எஜேரியாவின் குழுவுக்கு ஆபத்தான பகுதிகளிற் பேரரசின் படைவீரர் காவல் சென்றனர்.

திருச்சபைக்குள்ளேயே இதற்கு மாற்றுக் குரல்கள் எழுந்தமையும் குறிப்பிடத்தக்கது. நீசா நகர் கிரகோரியார் யாத்திரையின் பயனை ஐயுற்றுக் கடிதம் எழுதினார். பெத்லெகேமிலேயே வாழ்ந்த ஜெரோமும், விண்ணகம் யெரூசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒரே தூரந்தான் என்ற கருத்துப்பட எழுதியுள்ளார்.

இவ்விடயத்தைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்தவர்களுள் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் தலையாயவர். 1945 இல் நாஜிகளின் பூகன்வால்ட் முகாமில் உயிர்நீத்த இவ்வறிஞர், நற்செய்திகளின் புனைவுசார் நிலவியல் பற்றி 1941 இல் வெளியிட்ட நூலில், குழுவொன்றின் கூட்டு நினைவு தனது நிகழ்காலத் தேவைகளுக்கேற்ப நிலத்தை வடிவமைத்துக்கொள்கின்றது என நிறுவினார். இதற்குச் சிலுவைப்பாதை சிறந்த சான்றாகும். யெரூசலேமுக்குச் செல்லவியலாத ஐரோப்பிய மக்களுக்காக ஊர்க் கோயில்களிலே ‘நிலைகள்’ அமைக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கையைப் பதினான்கெனப் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமென்ற் 1731 இல் வரையறுத்தார். ஐரோப்பாவிற் படிப்படியாக உருவான இவ்வரிசையை மனத்திற்கொண்டு சென்ற யாத்திரிகர் அதனையே யெரூசலேமின் தெருக்களில் எதிர்பார்த்தனர்; தெருவும் அவ்வெதிர்பார்ப்புக்கு அமைந்துகொடுத்தது. பிலாத்து தீர்ப்பளித்த இடம் நகரின் மேற்கிலிருந்த ஏரோதின் அரண்மனையாதல் கூடும் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. அங்ஙனமாயின் இன்று நடக்கப்படும் பாதையின் திசையே வேறாகிவிடும். நகல் மூலத்தைத் திருத்தியமைத்த விந்தை இது.

தமிழிலக்கிய மாணவனுக்கு இது புதுமையன்று. 18 ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் தேம்பாவணியில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடியபோது, யூதேயா தமிழ்க் காப்பிய மரபுக்குரிய வளநாடாகவே உருப்பெற்றது. பலஸ்தீனத்தின் கற்குன்றுகளைக் காணாத தமிழ் வாசகன் தனக்குப் பரிச்சயமான நிலத்தில் அத்திருக்கதையை நிகழ்த்திக்கொண்டான். நம்மவர் கோயில்களிலே தபசுகாலந்தோறும் நடைபெறும் சிலுவைப்பாதைத் தியானமும், வடபுலத்துக் கடற்கரை ஊர்களின் பாஸ்கா நாடகங்களும் இவ்வகையின. தன் ஊரை யெரூசலேமாக்கிக்கொள்ளும் இம்மக்கள் கலையை, யெரூசலேமுக்கே சென்று வரும் வசதி படைத்தோரின் பயணத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது.

3. பக்தியும் பண்டமும்

638 அளவில் யெரூசலேம் அராபியர் ஆட்சிக்குட்பட்ட பின்னரும் யாத்திரை தொடர்ந்தது. 1099 இல் சிலுவைப் போராளிகள் நகரைக் கைப்பற்றி முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தமை யாத்திரை வரலாற்றின் இருண்ட பக்கமாகும். 1187 இல் சலாவுதீன் நகரை மீட்டான். இதன் பின்னர் 14 ஆம் நூற்றாண்டிலிருந்து திருத்தலங்களின் கத்தோலிக்கப் பொறுப்பு பிரான்சிஸ்கன் சபையினரிடம் வந்தது. பாப்பரசர் ஆறாம் கிளமென்ற் 1342 இல் அதனை உறுதிப்படுத்தினார்.

இக்காலப் பகுதியிலேயே ‘எல்லாம் அடங்கிய’ கட்டணப் பயணம் தோன்றியது. வெனிஸ் நகரக் கப்பற்றலைவர்கள் யாத்திரிகரோடு எழுத்துமூல ஒப்பந்தஞ் செய்தனர். யாப்பாத் துறைக்குப் போக்குவரத்து, உணவு, வழியிற் செலுத்த வேண்டிய வரிகள் யாவும் ஒரே தொகைக்குள் அடங்கின. வெனிஸ் அரசு இத்தொழிலைச் சட்டங்களால் ஒழுங்குபடுத்தியது. 1480 இலும் 1483 இலும் சென்ற பேலிக்ஸ் பாப்ரி என்ற ஜேர்மானியத் துறவி, முதற் பயணத்திலே புனித பூமியில் ஒன்பது நாட்களுக்கு மேல் தங்க இயலாது ஓட்டமும் நடையுமாகத் திரும்பியமை பற்றிக் குறைபட்டு எழுதியுள்ளார். இன்றைய யாத்திரிகர் பஸ்ஸில் ஏறும்போது கூறுவதும் ஏறத்தாழ இதுவே. வணிக மூலதனத்தின் கால அட்டவணை அன்றே பக்தியின் கால அளவை நிர்ணயிக்கத் தொடங்கிவிட்டது.

19 ஆம் நூற்றாண்டிலே நிலைமை பண்பளவில் மாறியது. நீராவிக் கப்பல், 1869 இற் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாய், 1892 இல் யாப்பாவையும் யெரூசலேமையும் இணைத்த புகையிரதப் பாதை ஆகியன பயணத்தை மத்திய வர்க்கத்திற்கு எட்டச் செய்தன. 1882 இல் பிரான்சிய அசம்ப்ஷனிஸ்ற் சபையினர் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஒருங்கே அழைத்துச் சென்ற ‘தவ யாத்திரை’ இன்றைய கத்தோலிக்கக் குழு யாத்திரையின் முன்னோடி எனலாம். அது குடியரசு வாதத்திற்கும் மதச்சார்பின்மைக்கும் எதிரான பிரான்சியக் கத்தோலிக்கத்தின் அரசியல் அணிவகுப்பாகவும், ஒட்டோமன் பேரரசினுள் பிரான்சின் செல்வாக்கை நாட்டும் முயற்சியாகவும் ஒருங்கே விளங்கியது.

திருத்தலங்களின் பின்னே வல்லரசுப் போட்டி மறைந்திருந்ததை மார்க்ஸ் முன்னரே கண்டுகொண்டார். பெத்லெகேம் குகையிலிருந்த வெள்ளி நட்சத்திரம் 1847 இற் காணாமற் போனதை ஒட்டிக் கத்தோலிக்கருக்கும் கிரேக்கருக்கும் இடையே எழுந்த பூசல், பிரான்சும் ரஷ்யாவும் தலையிட்டதாற் கிரிமிய யுத்தத்தின் காரணங்களுள் ஒன்றாகியது. 1854 ஏப்பிரிலில் நியூயோர்க் டெய்லி றிபியூன் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், இப்பூசலின் அடியிலுள்ள உலகியற் போராட்டத்தை அவர் எடுத்துக் காட்டினார். 1852 இல் சுல்தான் உறுதிப்படுத்திய ‘உள்ளது உள்ளபடி’ ஏற்பாடு இன்றும் நடைமுறையிலுள்ளது. திருக்கல்லறைக் கோயிலின் முகப்புச் சாளரத்தடியிற் சாத்தப்பட்ட மரஏணி நெடுங்காலமாக அங்கேயே நிற்பதும், கோயிற் கதவின் பொறுப்பு முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிடம் இருப்பதும் அவ்வேற்பாட்டின் கண்கூடான சின்னங்கள்.

4. காணப்படுவோரும் காணப்படாதோரும்

குழு யாத்திரையின் மனிதப் பயனை மறுத்தல் தகாது. பல ஆண்டு சிறுகச் சிறுகச் சேமித்துச் செல்லும் முதியோர்க்கு அது வாழ்வின் நிறைவு. விக்டர் ரேணரும் எடித் ரேணரும் 1978 இல் வெளியிட்ட நூலில், யாத்திரையின்போது படிநிலைகள் தற்காலிகமாகக் கரைந்து தோழமை உணர்வு பிறக்கின்றது என வாதிட்டனர். இதில் உண்மையுண்டு. முதலாளியும் எழுதுவினைஞரும் ஒரே ஆசனத்திலிருந்து செபமாலை சொல்கின்றனர். ஆயின் அத்தோழமையின் எல்லை பஸ்ஸின் கண்ணாடியோடு முடிந்துவிடுவதை ரேணர்களின் கோட்பாடு போதியளவு கருத்திற்கொள்ளவில்லை. அக்கண்ணாடிக்கு அப்பால் நிற்போர் யார்?

1948 இல் இஸ்ரேல் தோன்றியபோது ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர் அகதிகளாயினர். அவர்களுட் கிறித்தவரும் அடங்குவர். 1964 இற் பாப்பரசர் ஆறாம் பவுல் யாத்திரை சென்றபோது யெரூசலேமின் பழைய நகரும் பெத்லெகேமும் யோர்தானின் ஆட்சியில் இருந்தன. 1967 இல் அவை இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்குட்பட்டன. இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாகக் கருதப்படும் கஸ்ர் அல்-யஹுத் அன்றுமுதல் மூடிய இராணுவ வலயத்துள் அகப்பட்டு 2011 இலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இதற்கிடையில், 1981 இல் கலிலேயக் கடலிலிருந்து யோர்தான் வெளியேறும் இடத்தருகே கிபுட்ஸ் ஒன்று யார்தெனித் என்ற ஞானஸ்நானத் துறையைக் கட்டணச் சேவைகளோடு அமைத்தது. யாத்திரிகர் அங்கே நதியில் இறங்கினர். புனித இடமொன்று சந்தைத் தேவைக்கேற்ப இடம்பெயரவும் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெத்லெகேம் யெரூசலேமிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. 2002 முதல் எழுப்பப்பட்ட பிரிவினைச் சுவர் இரண்டுக்கும் குறுக்கே நிற்கின்றது. தொலைநாட்டு யாத்திரிகர் கடவுச்சீட்டோடு சோதனைச் சாவடியைக் கடந்துவிடுவர். பெத்லெகேமிற் பிறந்த கிறித்தவரோ, உயிர்த்த ஞாயிறன்று திருக்கல்லறையைத் தரிசிக்க இராணுவ அனுமதிப் பத்திரம் பெறல் வேண்டும். குழுக்கள் சில பெத்லெகேமிலே தங்குகின்றன. வேறு பல சில மணி நேரம் மட்டும் வந்து, பிறப்புக் கோயிலையும் ஒரு கடையையும் பார்த்துத் திரும்புகின்றன. ஒலிவ மரத்திலும் சிப்பியிலும் திருவுருவங்கள் செதுக்கும் கைவினைஞரின் சீவியம் இவ்வருகையிலேயே தங்கியுள்ளது. 2020 இன் கொள்ளைநோயும், 2023 ஒக்ரோபரில் தொடங்கிய காசா யுத்தமும் யாத்திரிகர் வரவை நிறுத்தியபோது பட்டறைகள் மூடப்பட்டன. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் பெத்லெகேமின் பகிரங்க நத்தார் கொண்டாட்டங்கள் கைவிடப்பட்டன. வேலையின்மையும் ஆக்கிரமிப்பும் கிறித்தவரைப் புலம்பெயரச் செய்கின்றன. இந்நிலை நீடிப்பின், எஞ்சுவன கோயில்களும் அவற்றைப் பார்க்க வருவோருமேயாவர்.

எம்மாவுஸ் பற்றிய உண்மை இன்னுங் கசப்பானது. லூக்கா கூறும் அவ்வூருக்கு உரிமைகோரும் இடங்கள் பல. 4 ஆம் நூற்றாண்டின் யூசேபியுஸ் காலத்திலிருந்து நிக்கோபொலிஸ் என இனங்காணப்பட்டது இம்வாஸ் என்னும் அராபியக் கிராமமாகும். 1967 ஜூனில் இஸ்ரேலியப் படை அக்கிராமத்தையும் அயலிலுள்ள யாலு, பெய்த் நூபா ஆகியவற்றையும் தரைமட்டமாக்கி மக்களை வெளியேற்றியது. அந்நிலத்தில் கனடா நாட்டு நன்கொடையாற் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டது. பண்டைக் கோயிலின் இடிபாடுகளைக் காண யாத்திரிகர் இன்றும் வருகின்றனர். உடன் நடந்தவரைச் சீடர் இருவர் அடையாளங் காணாத கதை அங்கே வாசிக்கப்படுகின்றது. கிராமத்தின் கதையை வாசிப்போர் அரிது.

5. முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து யாத்திரை செல்லலாகாது என்ற முடிவு பெறப்படவில்லை. பலஸ்தீனக் கிறித்தவர் தாமே அவ்வாறு கூறவில்லை. 2009 இல் அவர்கள் வெளியிட்ட ‘கைரோஸ் பலஸ்தீனம்’ என்ற ஆவணம், உலகத் திருச்சபைகளை வந்து காணுமாறே அழைக்கின்றது. கற்களை மட்டுமன்றி மக்களையுங் காணுங்கள் என்பதே அவ்வழைப்பின் சாரம். 1987 இல் மிசேல் சபா யெரூசலேமின் இலத்தீன் மறைமுதல்வராக நியமிக்கப்பட்ட முதற் பலஸ்தீனராகியமையும், 1989 இல் இடையர் வயலுக்குப் பெயர்பெற்ற பெய்த் சாஹூர் மக்கள் ஆக்கிரமிப்பு அரசுக்கு வரி செலுத்த மறுத்து முற்றுகையை எதிர்கொண்டமையும் அவர்களது விழிப்பின் மைல்கற்கள். அந்த ஊரின் பெயர் யாத்திரிகர் நிரலில் உண்டு. அந்தப் போராட்டம் அதில் இல்லை.

எனவே ஒரு குழு புறப்படுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள: வழிகாட்டி யாருடைய வரலாற்றைச் சொல்கின்றார்? இரவு தங்கும் விடுதி யாருடையது? செலுத்தும் பணத்தில் எவ்வளவு அம்மண்ணின் உழைப்பாளரைச் சென்றடைகின்றது? அவ்வூர்ப் பங்கு மக்களோடு ஒரு திருப்பலியேனும் நிரலில் உண்டா? இவை பக்திக்குப் புறம்பான வினாக்களல்ல. ஆற்றுப்படை நூல்களில் வழிகாட்டும் புலவன், செல்லுமிடத்தின் தலைவனை மட்டுமன்றி வழியில் விருந்தோம்பும் எயினரையும் ஆயரையும் உழவரையும் பரதவரையும் அறிமுகஞ் செய்கின்றான். அவர்கள் இன்றி வழி இல்லை என்பது அவன் அறிந்தது. புனித பூமிக்குச் செல்வோர்க்கும் அத்தகையதோர் ஆற்றுப்படையே இன்று வேண்டப்படுகின்றது.