சூரிய மின்பெட்டி வாங்குமுன் கொள்ளளவைப் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திருவள்ளூர் மாவட்டத்தில் பல இடங்களில் மின்சாரம் தடைப்பட்டது. பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் மழைக்காலத்துக்கு முன் கையடக்கச் சூரிய மின்பெட்டி வாங்குவோர், 'வாட்' அளவை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஒரே நேரத்தில் எவ்வளவு பளு தாங்கும் என்பதையே அது காட்டும். விளக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்பதை அறிய 'வாட்-மணி' தெரிய வேண்டும். பாட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் இது கிடைக்கும்.

தேவை: 10 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு 8 மணி நேரம் எரிய 160 வாட்-மணி, இரு செல்போன்களுக்கு 30, இழப்புக்கு 30. ஆக 220.

ஈய-அமில பாட்டரி: 12 வோல்ட், 30 ஆம்பியர்-மணி எனில் 360 வாட்-மணி. பாதிக்கு மேல் செலவழித்தால் ஆயுள் குறையும். எனவே 180 மட்டுமே பயன்படும், இது போதாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி: 12.8 வோல்ட், 24 ஆம்பியர்-மணி எனில் 307. இதில் 80 சதம், அதாவது 245 வரை எடுக்கலாம், இது போதும். விலை கூடுதல், எடை குறைவு, ஆயுள் அதிகம்.

மேகமூட்டமான நாளில் பலகை தரும் மின்சாரம் பாதிக்கும் கீழே குறையலாம். அன்று ஒரு விளக்கு மட்டும் எரிப்பது நலம். பலகையில் படியும் உப்பை ஈரத்துணியால் துடைத்து, பெட்டியை உப்பு நீர் படாமல் வைக்க வேண்டும்.