வேலியே ஹிருதயத்தை மேய்ந்தால்

நம் நெடுங்காடு ஊரின் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடியும் பஞ்சாங்கப் படனமுமாகப் புத்தாண்டு பிறக்கும் ஏப்ரல் 14, பூமியின் மறுகோடியில் ஒரு கொடிய வியாதியின் நினைவு நாளுமாகும். 1909-ஆம் ஆண்டு அதே தேதியில், பிரேசில் தேசத்து லசான்ஸ் என்னும் சிற்றூரில், ஜுரத்தால் வாடிய பெரனீஸ் என்ற இரண்டு வயதுப் பெண் குழந்தையின் இரத்தத்தில், டிரிப்பனோசோமா க்ரூசி என்னும் ஒட்டுண்ணியை கார்லோஸ் சாகஸ் என்ற வைத்தியர் கண்டார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

மண்சுவர் வெடிப்பில் பகலெல்லாம் பதுங்கியிருந்து, இரவில் உறங்குவோர் முகத்தில் இரத்தம் குடிக்கும் ஒருவகைப் பூச்சி, கடித்த இடத்தருகே எச்சமிடுகிறது. அரிப்புத் தாளாமல் சொறிகையில் எச்சத்திலுள்ள கிருமி சரீரத்துள் புகுகிறது. ஜுரம் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் பத்து முதல் முப்பது ஆண்டுகள் கழிந்தபின், நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு ஹிருதயம் பெருத்துத் துடிப்பின் தாளம் தவறுகிறது.

கிருமியே தசையைச் சிதைப்பது இதற்கு ஒரு காரணம், மற்றொன்று விசித்திரமானது. ஹிருதயத் தசையின் உயிரணுக்கள்மேல் 'ஏற்பிகள்' என்னும் நுண்ணிய பூட்டுகள் உள்ளன. அட்ரினலின் வந்து பீட்டா ஏற்பியில் பொருந்தினால் துடிப்பு விரைகிறது. அசிட்டைல்கோலின் மஸ்கரினிக் ஏற்பியில் பொருந்தினால் தணிகிறது. ஒட்டுண்ணியின் ரைபோசோம் புரதமொன்றின் நுனி, பீட்டா ஏற்பியின் வெளிப்புற வளையத்தின் சாயலை ஒத்திருப்பதால், கிருமியை அழிக்க உடல் படைத்த எதிர்ப்பொருள், சொந்த ஏற்பியையே பகையென்று பற்றி, நரம்பின் கட்டளையின்றியே அதைத் திறந்துவிடுகிறது. மஸ்கரினிக் ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருள்களும் நோயாளிகளிடம் காணப்படுகின்றன. வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான்.

ஹிருதயம் கெட்டபின் கொடுத்த பென்ஸ்நிடசோல் மருந்து, இரத்தத்திலிருந்த கிருமியைக் குறைத்தும் நோயின் போக்கைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை என்று 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. ஆகவே காலத்தே கண்டறிவதே உசிதம்.

சாகஸ் நோய் நம் தேசத்து நோயன்று. எனினும், வெளிக்குறி ஏதுமின்றி ஆண்டுக்கணக்கில் நிணநாளங்களில் குடியிருந்து பின்னர் காலை வீங்கச் செய்யும் யானைக்கால் புழுவை நெடுங்காடு அடங்கிய இந்தக் கழிமுகப் பூமி நன்கறியும். அதன் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலவுகின்றன. ஆதலால், அப்புழு உண்டா என்று சோதிக்க இரவில் இரத்தம் எடுக்க வரும் சுகாதாரப் பணியாளரைத் திருப்பி அனுப்பாமல், நலமாக இருப்பவரும் விரலை நீட்டுவது, தமக்கும் ஊருக்கும் செய்யும் பெரிய தர்மம்.